மஞ்சள் கடுதாசிக்காரரின் கூட்டு வியாபாரம்

மூக்காண்டிபட்டியில் புத்திசாலியே கிடையாது என்று பக்கத்து ஊர்க்காரர்கள் சொல்வார்கள். அது பொறாமைப் பேச்சு. ஒருத்தர் இருந்தார். அவரும் தூக்கக் கலக்கத்தில் ஊர் மாறி இறங்கியவர். அடுத்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்.

அந்த ஊரில் வெயிலுமுத்து என்று ஒரு மனிதர். தங்கமான மனிதர். பொய் சொல்லத் தெரியாது. யார் எதைச் சொன்னாலும் சொன்னபடி செய்வார். அந்தக் கடைசிக் குணம்தான் அவரைக் கெடுத்தது. கலியாண வீடுகளுக்கும் சர்பத் கடைகளுக்கும் ஐஸ் பார் விற்கிற வியாபாரம் ஆரம்பித்தார். ஒரு நாள் சர்பத் கடைக்காரர், "என்னப்பா, உன் ஐஸ் ஒரே ஈரமா இருக்கு" என்று குறைப்பட்டுக்கொண்டார்.

வாங்குகிறவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். மறுநாள் வந்திறங்கிய நாற்பது பார் ஐஸையும் களத்தில் பாய் விரித்து வெயிலில் காயப் போட்டார் வெயிலுமுத்து. காக்கா கொத்தாமல் இருக்க ஒரு ஆளைக் காவலுக்கும் வைத்தார். சாயங்காலம் போய்ப் பார்த்தால் பாய் மட்டும் இருந்தது. "காக்காயை விரட்டுன, சரி. கள்ளனை விட்டுட்டியேய்யா" என்று காவல்காரனைத் திட்டிவிட்டு, மறுநாள் இரண்டு காவல்காரர்களை வைத்தார். அதற்கு மறுநாள் நான்கு பேர். இப்படி ஒரு மாதம் நடந்தது. திருடன் அகப்படவே இல்லை. பதினொரு பேரிடம் வாங்கிய கடன்தான் மிஞ்சியது.

கடைசியில் கோர்ட்டில் மஞ்சள் கடுதாசி கொடுத்தார். என்னால் கட்ட முடியவில்லை, ஐயா, நீங்களே ஒரு வழி சொல்லுங்கள் என்று எழுதிக் கொடுப்பதற்குத்தான் எங்கள் பக்கம் அந்தப் பெயர். கோர்ட்டும் வழி சொன்னது. கடனை இருபத்திநாலு தவணையாகப் பிரித்து, அதை வாங்கிப் பதினொரு பேருக்கும் பங்கிட ஓர் அதிகாரியை நியமித்தது. அவர் பெயர் ஞானசிகாமணி. நல்ல உயரம், கண்டிப்பு, நெற்றியில் எப்போதும் ஒரு சுருக்கம். அந்தச் சுருக்கம் வெயிலுமுத்துவால் வந்ததல்ல. அவரால் வந்தவை பின்னால் வந்தன.

"இங்க பாரு வெயிலுமுத்து. மாசா மாசம் அஞ்சாந்தேதிக்குள்ள பணம் வந்துடணும். ஒரு தவணை தப்பினாலும் உன் வீடு ஏலத்துக்கு வந்துடும். அப்புறம், எனக்குத் தெரியாம நீ எதுவும் செய்யக் கூடாது. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது சார். எனக்கு இப்பத் தும்மல் வருது. தும்மட்டுமா?"

அந்த வீடு என்பது ஓடு போட்ட ஒற்றை அறை, நாலு சுவர், ஒரு கதவு, அவ்வளவுதான். ஆனால் அது வெயிலுமுத்துவின் பெண்சாதி பொன்னுத்தாயி தன் கழுத்துச் சங்கிலியை விற்றுக் கட்டிய வீடு. செங்கலைக்கூட அவளேதான் சுமந்தாள். அது போய்விட்டால் அவளுக்கு உலகத்தில் வேறொன்றும் இல்லை. அதனால் தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போய், விரலெல்லாம் மருந்து வாசனை அடிக்க அடிக்கச் சம்பாதித்து, ஒவ்வொரு தவணையையும் அவளே கட்டிவந்தாள். புருஷனுக்கு அவள் கொடுத்த வேலை ஒன்றே ஒன்று. பணத்தைக் கொண்டுபோய் ஆபீசில் கொடுப்பது.

அவர் அந்த வேலையோடு இன்னொரு வேலையையும் சேர்த்துக்கொண்டார். அதிகாரிக்குத் தெரியாமல் எதுவும் செய்யக் கூடாதல்லவா? தினமும் ஏழு மைல் நடந்து டவுனுக்குப் போய், "சார், முடி வெட்டிக்கலாமா?" என்று கேட்பார். திரும்பி வந்து, மறுநாள் போய், "மீசையையும் சேத்தா சார்?" என்று கேட்பார். ஒரு தடவை கத்தரிக்காய்க் குழம்பா, கருவாட்டுக் குழம்பா என்று கேட்கப் போய், பதில் கிடைக்கத் தாமதமானதால் பொன்னுத்தாயி இரண்டு நாள் உலையே வைக்கவில்லை. ஞானசிகாமணி கையெடுத்துக் கும்பிட்டு, "இனிமே தொழில் விஷயம் இருந்தா மட்டும் வா" என்று அனுப்பிவைத்தார்.

பதினாறு தவணை முடிந்தது. பதினேழாவது மாதம் தொழில் விஷயம் வந்தது.

அதே ஊரில் சங்கையா என்பவரிடம் ஒரு மைக் செட் இருந்தது. ஒரு பெட்டி, இரண்டு குழாய் ஸ்பீக்கர். பெரிய மாடன், சின்ன மாடன் என்று அண்ணன் தம்பி இரண்டு பேர் அவருக்குக் கூட்டு. சாமான்களை ஏற்றிப்போக நாலு சக்கரத் தள்ளுவண்டி ஒன்று வைத்திருந்தார்கள். ஆளுக்கொரு சக்கரத்துக்கு எண்ணெய் போட்டுப் பார்த்துக்கொள்வது அவர்கள் வழக்கம். நாலாவது சக்கரத்துக்கு ஆள் இல்லாததால் அது கிறீச் கிறீச்சென்று கத்திக்கொண்டே வரும்.

"நம்ம ஆளுக்கு ஒண்ணுதானே பாக்குறோம். நானே ரெண்டுக்கும் எண்ணெய் போட்டா என்னண்ணே?" என்று கேட்டான் சின்ன மாடன்.

"ரெண்டு சக்கரத்தை நீ பாத்தா வண்டியில பாதி உன்னதுன்னு ஆயிரும். கூட்டு உடைஞ்சு போகும்" என்றார் சங்கையா. அவர்தான் அவர்களில் யோசிக்கிறவர். யோசித்துவிட்டு, "ஒரு சக்கரத்துக்கு ஒரு கூட்டாளி சேத்துருவோம்" என்றார்.

சும்மா இருந்தவர் வெயிலுமுத்துதான். நாலு பேரும் வேட்டி துவைத்துக் கட்டிக்கொண்டு டவுனுக்குப் போய் ஞானசிகாமணி முன்னால் நின்றார்கள்.

அதிகாரிக்கு இது நல்லதாகப் படவில்லை. ஆனாலும் சட்டத்தில் தடை இல்லை. பொறுமையாக விளக்கினார். பாவம், அவர் செய்த தப்பு அது ஒன்றுதான்.

"தாராளமா கூட்டு சேரலாம். ஆனா மூணு விஷயம். ஒண்ணு, இவருக்குக் கடன் குடுத்த பதினொரு பேருக்கும் இதைத் தெரியப்படுத்திடணும். நாளைக்கு எவனும் என் காதுல விழலைன்னு சொல்லக் கூடாது."

"விழ வச்சிருவோம் சார்" என்றார் சங்கையா.

"ரெண்டு, வெயிலுமுத்து பங்குக்கு என்ன வந்தாலும் அதுல பாதி இந்த மேசைக்கு வந்துடணும். பணம்னு நான் சொல்லலை. போன வருஷம் ஒருத்தன் கூலியை நெல்லா வாங்கி ஒளிச்சு வச்சுட்டான். அதனால எதுவா இருந்தாலும் பாதி. கடைசித் தவணை அன்னைக்குச் சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும்."

வெயிலுமுத்து விரலை மடக்கி மனப்பாடம் செய்தார்.

"மூணு, இது மத்தவங்களுக்கு. கூட்டுன்னு வந்துட்டா லாபத்துலயும் சம பங்கு, நஷ்டத்துலயும் சம பங்கு. ஒருத்தனுக்கு அடின்னா அது எல்லாருக்கும் அடி. நல்லா யோசிச்சுக்குங்க."

மூன்று பேரும் அங்கேயே கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் யோசித்தார்கள். பிறகு கண்ணைத் திறந்து, "யோசிச்சுட்டோம் சார்" என்றார்கள். பத்திரம் எழுதி முடிந்தது. நாலாவது சக்கரத்துக்கு அன்றைக்கே எண்ணெய் விழுந்தது.

முதல் வேலை ஒரு கலியாண வீடு. மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்த நேரத்தில் சங்கையா நாதசுரத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு மைக்கை வாங்கினார். "பெரியோர்களே, தாய்மார்களே! ஐஸில் நொடித்துப்போய் மஞ்சள் கடுதாசி கொடுத்த வெயிலுமுத்து அவர்கள் இன்று முதல் எங்கள் கூட்டாளி. அவருக்குக் கடன் கொடுத்தவர்களின் பெயர்கள் பின்வருமாறு."

பதினொரு பெயரையும் தொகையோடு வாசித்தார். மூன்றாவது பெயர் பெண்ணின் தகப்பனாருடையது. சம்பந்தியிடம் கையில் பணமே இல்லை என்று சொல்லிச் சீர்வரிசையைக் குறைத்திருந்த மனிதர் அவர். அந்தத் தொகை எட்டு ஊருக்குக் கேட்டது.

சங்கையா அதோடு விடவில்லை. "யார் பெயராவது விட்டுப்போயிருந்தால் மேடைக்கு வரவும்" என்றார். ஏழு பேர் மேடைக்கு வந்தார்கள். அவர்களில் இரண்டு பேர் வெயிலுமுத்துவை அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்க்கிறார்கள். "எனக்கு ஞாபகம் இல்ல. ஆனா இத்தனை பேர் முன்னால பொய்யா சொல்லப் போறீங்க" என்று வெயிலுமுத்து எல்லாரையும் எழுதிக்கொண்டார். அந்த ஏழு பேரையும் மிரட்டி விரட்ட ஞானசிகாமணிக்கு மூன்று வாரம் ஆயிற்று. அவர் நெற்றியில் இரண்டாவது சுருக்கம் அப்போது விழுந்ததுதான்.

சம்பந்தி வீட்டுச் சண்டையில் பெண் வீட்டார் மைக் செட்டுக்குப் பணம் தரவில்லை. மாப்பிள்ளைக்கென்று வாங்கி அவர் வீசி எறிந்த சாமான்களைக் கொடுத்து அனுப்பினார்கள். சங்கையாவுக்குக் குடை, பெரிய மாடனுக்குப் பட்டுத் துண்டு, சின்ன மாடனுக்குக் கண்ணாடி. வெயிலுமுத்துவுக்கு ஒரு ஜோடி புதுச் செருப்பு.

மறுநாள் காலை பத்து மணிக்கு ஞானசிகாமணியின் மேசை மேல், பைல்களுக்கு நடுவில், ஒரு செருப்பு இருந்தது.

அதிகாரி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். கோபத்தில் அவருக்கு வாய் குழறியது. "யார் முன்னால... எதை... என்ன திமிர் உனக்கு!"

"பாதி சார்" என்றார் வெயிலுமுத்து. மற்றச் செருப்பு அவர் காலில் இருந்தது. "இடதை உங்களுக்குக் குடுத்தேன். வலதுதான் வேணும்னா மாத்திக்கலாம்."

ஆபீசில் இருந்த குமாஸ்தாக்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் குனிந்து பென்சில் தேட ஆரம்பித்தார்கள். 'எதுவா இருந்தாலும்' என்று தானே சொன்னது அதிகாரிக்கு நினைவு வந்தது. தலையெழுத்தே என்று உட்கார்ந்து, 'இடது கால் செருப்பு ஒன்று, பெறப்பட்டது' என்று ரசீது எழுதிக் கொடுத்தார். வெயிலுமுத்து ஒரு காலில் செருப்போடும் ஒரு காலில் கொப்புளத்தோடும் ஏழு மைல் நடந்து வீடு வந்தார். நேர்மைக்கு எங்கள் பக்கத்தில் இதுதான் கூலி.

அதற்குப் பிறகு பாதித் தேங்காய், பாதி வாழைத்தார், பாதி வடை என்று வந்துகொண்டே இருந்தது. திருநீறு கிடைத்தால்கூடப் பாதி நெற்றிக்குப் பூசிக்கொண்டு மீதியைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவருவார். ஒருநாள் ஆற்று மணலில் கச்சேரிக்குப் போன இடத்தில் பனி பிடித்து, அவருக்கு ஜலதோஷம் வந்துவிட்டது. அதில் பாதியை எப்படிக் கொடுத்தார் என்று தெரியாது. ஞானசிகாமணி ஒரு வாரம் லீவில் இருந்தார்.

மூன்றாவது விஷயத்துக்கும் வேளை வந்தது. பங்குனிப் பொங்கலுக்கு வேப்ப மரத்தில் ஸ்பீக்கர் கட்டச் சின்ன மாடன் ஏறியிருந்தான். கீழே அம்மன் புறப்பாடு வந்தது. "அடேய், சாமி வருது, ரெண்டு கையையும் எடுத்துக் கும்பிடு!" என்று சங்கையா கத்தினார். பக்தியில் அவன் யாருக்கும் சளைத்தவன் இல்லை. கும்பிட்டான். கும்பிட்ட கையோடு கீழே வந்தான். இடது கை முறிந்தது.

நாலு பேரும் எலும்புக் கட்டு வைத்தியர் வீட்டுக்குப் போனார்கள். வைத்தியர் சின்ன மாடனுக்கு மூங்கில் பத்தை வைத்துக் கட்டி முடித்ததும் பெரிய மாடன் இடது கையை நீட்டினான்.

"உனக்கு எங்கப்பா வலி?" என்றார் வைத்தியர்.

"வலியெல்லாம் இல்லீங்க. இது பங்கு."

"என்ன பங்கு?"

"ஒருத்தனுக்கு அடின்னா எல்லாருக்கும் அடின்னு சர்க்கார்ல எழுதிக் குடுத்துருக்கோம். கட்டுங்க."

வைத்தியருக்கு நாலு கட்டுக்குக் கூலி வந்தால் கசக்குமா? நாலு பேருக்கும் கட்டினார். வெயிலுமுத்து மட்டும் தயங்கி, "எனக்குப் பாதிக் கட்டு போதும். மீதித் துணியைக் குடுங்க, டவுனுக்குக் கொண்டுபோகணும்" என்றார்.

அப்புறம் இரண்டு மாதம் நாலு பேரும் ஒற்றைக் கையால் வண்டி தள்ளினார்கள். வலது கையால் மட்டுமே தள்ளியதால் வண்டி ஒரு பக்கமாகவே இழுத்துக்கொண்டு போகும். கிழக்கே இருக்கிற ஊருக்குக் கிளம்பி மேற்கு வழியாகப் போய்ச் சேருவார்கள். ஜனங்களுக்கு இது பிடித்துப்போயிற்று. பாட்டுக் கேட்கக் கூப்பிட்டவர்கள் போய், இவர்கள் வந்து சேருவதைப் பார்க்கவே கூப்பிட ஆரம்பித்தார்கள். நான் சொன்னால் நம்பமாட்டீர்கள், வியாபாரம் பிய்த்துக்கொண்டு போயிற்று. இருபத்திநாலாவது தவணைக்குப் பொன்னுத்தாயி தீப்பெட்டி ஆபீசில் முன்பணம் கேட்க வேண்டியிருக்கவில்லை. புருஷன் சம்பாத்தியத்தில் கட்டுகிறோம் என்று அவள் முதல் தடவையாகச் சிரித்தாள். "வீடு தப்பிச்சிருச்சு. நான் போய் அம்மனுக்குப் பொங்கல் வச்சுட்டு வர்றேன்" என்று பானை, அரிசி, பித்தளைக் கரண்டி எல்லாம் எடுத்துக்கொண்டு அஞ்சாந்தேதி காலையிலேயே கோயிலுக்குக் கிளம்பிவிட்டாள்.

நாலு பேரும் பணத்தோடு டவுனுக்குப் போனார்கள். ஞானசிகாமணி எண்ணி வாங்கினார். இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவர் முகம் மலர்ந்தது. எழுந்து நின்று வெயிலுமுத்துவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"முடிஞ்சுது வெயிலுமுத்து! சாயங்காலம் அஞ்சு மணிக்கு உன் பைலை மூடறேன். வீடு ஏலம் போகாது. உன் கூட்டாளிங்களுக்கு நன்றி சொல்லு. இந்தத் தொழில்தான் உனக்கு அந்த வீட்டைக் குடுத்திருக்கு."

சந்தோஷத்தில் மனிதர் ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசிவிட்டார்.

திரும்பி வரும் வழியெல்லாம் சங்கையா யோசித்துக்கொண்டே வந்தார். ஊர் எல்லையில் எல்லாரையும் நிறுத்தினார். "சார் கடைசியா என்ன சொன்னாரு?"

"தொழில்தான் வீட்டைக் குடுத்துச்சுன்னாரு" என்றான் பெரிய மாடன்.

"தொழில் யாரோடது?"

"நம்ம நாலு பேரோடது."

"அப்ப தொழில் குடுத்த வீடு?"

வெயிலுமுத்துவின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "அய்யோ, இத்தனை நாளா அதுல நான் ஒருத்தனே படுத்துக் கிடந்துட்டேனே! சார் மட்டும் சொல்லலைன்னா துரோகியாவே செத்துருப்பேன்" என்று தலையில் அடித்துக்கொண்டார். மற்ற மூன்று பேரும் அவரைத் தேற்றினார்கள். தெரியாமல் செய்ததுதானே, இன்றைக்கே பங்கு பிரித்துவிட்டால் பாவம் இல்லை என்றார்கள்.

வீட்டு முன்னால் போய் நின்று யோசித்தார்கள்.

"ஆளுக்கு ஒரு மூலை எடுத்துக்குவோம்ணே" என்றான் சின்ன மாடன்.

சங்கையா தலையை ஆட்டினார். "ஒரு மூலைக்கு ரெண்டு சுவர் வேணும். நாலு பேருக்கு எட்டுச் சுவர். இருக்கிறதே நாலு. மிச்சத்துக்கு எங்க போறது? ஆளுக்கு ஒரு சுவர், அதான் நியாயம்."

"சுவரை எடுத்துட்டாக் கூரையை எது தாங்கும்?" என்றான் பெரிய மாடன்.

"கூரையையும்தானே பிரிக்கிறோம். அப்புறம் தாங்குறதுக்கு என்னடா இருக்கு?"

ஓடுகளை இறக்கி எண்ணினார்கள். ஆளுக்கு முந்நூறு. அது சுலபமாக முடிந்தது. சுவரில்தான் சிக்கல் வந்தது. மூன்று சுவர் முழுசாக இருந்தன. வாசல் சுவரில் நடுவில் ஓட்டை.

"அதை நான் எடுத்துக்கிறேன். என்னாலதானே எல்லாக் கஷ்டமும்" என்றார் வெயிலுமுத்து.

"முடியாது. ஓட்டைங்கிறது நஷ்டம். நஷ்டத்துலயும் சம பங்கு" என்றார் சங்கையா.

ஓட்டையைப் பிடுங்கிப் பங்கு போட முடியாது. அரைமணி நேரம் யோசித்தார்கள். பிறகு, மற்ற மூன்று சுவரிலும் வாசல் அளவுக்கு, முழம் போட்டு அளந்து, ஆளுக்கொரு ஓட்டை போட்டார்கள். இப்போது எல்லாருக்கும் ஒரே நஷ்டம். அதன் பிறகு மனசு நிம்மதியாக, நாலு சுவரையும் இடித்துச் செங்கலைத் தனித்தனியாக அடுக்கினார்கள். மண் சாந்துச் சுவர், சொன்னபடி கேட்டது. மணி நாலு.

அப்போதுதான் பொன்னுத்தாயி பொங்கல் பானையோடு தெரு முனையில் திரும்பினாள்.

தெரு மாறி வந்துவிட்டோமோ என்று முதலில் திரும்பிப் போனாள். மறுபடி வந்தாள். அடுப்பு அவளுடைய அடுப்புதான். ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தது.

"வீடு எங்க?" என்று கேட்டாள்.

"ஏலம் போகலை தாயி!" என்றார் வெயிலுமுத்து. அவர் முகத்தில் அவ்வளவு பெருமை. "ஒரு செங்கல்கூட வெளியாளு கைக்குப் போகலை. இந்தா பாரு, இது நம்ம பங்கு!"

பொன்னுத்தாயி பானையைக் கீழே வைத்தாள். கரண்டியை மட்டும் கையில் வைத்துக்கொண்டாள். இருபத்திநாலு மாதம் தீப்பெட்டி ஒட்டிய கை அது. நங், நங்கென்று இரண்டு போட்டாள் புருஷன் மண்டையில். நான் அவள் பக்கம்தான். எண்ணிக்கை போதாது என்பதுதான் என் குறை.

மூன்றாவதுக்கு ஓங்கும்போது குறுக்கே சங்கையா வந்து நின்றார். தடுக்க வரவில்லை. துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு தலையைக் குனிந்தார். அவருக்குப் பின்னால் பெரிய மாடன். அவனுக்குப் பின்னால் சின்ன மாடன்.

"என்னய்யா இது?"

"ஒருத்தனுக்கு அடின்னா எல்லாருக்கும் அடி, மதினி. ஆளுக்கு ரெண்டு."

பொன்னுத்தாயி வஞ்சகமில்லாமல் கொடுத்தாள். மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டாள். "பங்கு, பங்கு, பங்கு! எவன்யா உங்களுக்கு இந்தப் புத்தியைச் சொல்லிக் குடுத்தது?"

"அதிகாரி சார்தான்" என்றார்கள் நாலு பேரும் ஒரே குரலில், மண்டையைத் தடவிக்கொண்டே.

வெயிலுமுத்துவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அய்யய்யோ, பாதி! அஞ்சு மணிக்குள்ள பாதி போகணுமே!" என்று கத்திக்கொண்டே தன் பங்குச் சுவரில் சரிபாதிச் செங்கலை வண்டியில் ஏற்றினார். நூற்றைம்பது ஓடுகளையும் ஏற்றினார். ஏற்றிவிட்டு விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தார். பார்த்துவிட்டுப் பெண்சாதியிடம் பணிவாக, "தாயி, நீயும் வரணும்" என்றார்.

அவள் ஏன் எதற்கென்று கேட்கவில்லை. கரண்டியோடு செங்கல் மேல் ஏறி உட்கார்ந்தாள். நாலு பேரும் வண்டியைத் தள்ளிய வேகத்தில், ஏழு மைலும் நாலு சக்கரத்துக்கும் மூச்சு இரைத்தது.

அஞ்சு மணிக்கு மூன்று நிமிஷம் இருந்தது. ஞானசிகாமணி பைலைக் கட்டி, அரக்கு உருக்கிக்கொண்டிருந்தார். வாசலில் செங்கல் இறங்குகிற சத்தம் கேட்டு வெளியே வந்தார்.

"என்ன இது?"

"அரைச் சுவர், நூத்தம்பது ஓடு. ரசீது போட்ருங்க சார்" என்றார் வெயிலுமுத்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டே.

அதிகாரிக்கு விஷயம் புரியச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் நெற்றியில் சுருக்கம் போட இடம் இல்லாமல், வாசல் தூணைப் பிடித்துக்கொண்டார். "இவ்வளவுதானே? இதோட முடிஞ்சுதா?"

"இல்ல சார். எனக்குத் தலையில ரெண்டு அடியும் கிடைச்சுது."

கடிகாரத்தில் இன்னும் ஒரு நிமிஷம் பாக்கி இருந்தது. பொன்னுத்தாயி வண்டியை விட்டு இறங்கிப் படியேறி, உயரமான அந்த மனிதரை அண்ணாந்து பார்த்தாள்.

"கொஞ்சம் குனிங்க சார், எனக்கு எட்டலை."